வெஸ்ட் பாயிண்ட் அணியில் இடம் பிடிக்க: அமெரிக்கத் தமிழ் மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வழிகாட்டி

நியூயார்க் நகரத்துக்கு வடக்கே சுமார் 50 மைல் தொலைவில், ஹட்சன் ஆற்றங்கரையில் இருக்கிறது வெஸ்ட் பாயிண்ட். 1802-இல் தொடங்கிய அமெரிக்கத் தரைப்படைக் கல்லூரி இது. கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பின் முதல் பிரிவில் இதன் அணிகள் ஆடுகின்றன. பெரும்பாலான விளையாட்டுகளில் பேட்ரியாட் லீகிலும், கால்பந்தில், அதாவது அமெரிக்கக் கால்பந்தில், 2024 முதல் அமெரிக்கன் கான்ஃபரன்ஸிலும் போட்டியிடுகின்றன. சேர்ந்த முதல் ஆண்டிலேயே கால்பந்து அணி அந்தக் கான்ஃபரன்ஸின் பட்டத்தை வென்றது.

மற்ற கல்லூரிகளில் கோச் ஒரு மாணவரை விரும்பிவிட்டால் முக்கால் வேலை முடிந்தது. இங்கே அப்படி இல்லை. கோச் சம்மதித்த பிறகும் குடியுரிமை, படிப்பு, நாடாளுமன்றப் பரிந்துரை, மருத்துவத் தகுதி, உடற்திறன் தேர்வு என்று தனித்தனியாகத் தாண்ட வேண்டியவை இருக்கின்றன. ஒன்று தவறினாலும் இடம் கிடைக்காது. பந்தயத்தில் நல்ல நேரம் ஓடும் பிள்ளைகள் பலர் களத்தில் தோற்பதில்லை. காகித வேலையில் பின்தங்கித்தான் வாய்ப்பை இழக்கிறார்கள். அதனால்தான் இந்தக் கட்டுரையில் பயிற்சியைவிடத் தேதிகளுக்கும் ஆவணங்களுக்கும் அதிக இடம் தந்திருக்கிறோம்.

முதலில் இந்த ஒப்பந்தத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

விளையாட்டு ஸ்காலர்ஷிப் என்ற பேச்சே இங்கு கிடையாது. அணியில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லாக் கேடட்டுகளுக்கும், அதாவது இங்கே படிக்கும் மாணவர்களுக்கும், படிப்பு, தங்குமிடம், சாப்பாடு, மருத்துவம் எல்லாம் அரசு செலவு. மாதச் சம்பளமும் உண்டு. சீருடை, புத்தகம், கணினி போன்றவற்றுக்கு அதிலிருந்தே பிடித்துக்கொள்வார்கள். பதிலுக்கு, பட்டம் பெற்றதும் ராணுவ அதிகாரியாக 5 ஆண்டு முழுநேரப் பணி, அதன்பின் 3 ஆண்டு ரிசர்வ். மற்ற கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கும் என்ஐஎல் பணம் கேடட்டுகளுக்குக் கிடைக்காது.

இன்னொன்றையும் வீட்டில் உட்கார்ந்து பேசிவிடுங்கள். முழங்கால் போய், முதல் ஆண்டிலேயே அணியிலிருந்து விலக நேர்ந்தால் பிள்ளை அங்கேயே படிக்க விரும்புமா? "இல்லை" என்பது பதிலானால் வேறு கல்லூரி பார்ப்பதே நல்லது. காயம் பட்டு ஆட்டம் நின்றாலும் அவர் கேடட்டுதான், காலையில் அணிவகுப்பில் நின்றாக வேண்டும்.

குடியுரிமை: இந்தியக் குடும்பங்கள் தடுக்கி விழும் இடம்

சேரும் ஆண்டின் ஜூலை 1-ஆம் தேதிக்குள் மாணவர் அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டும். அந்தத் தேதியில் 17 வயது நிறைந்திருக்க வேண்டும்; மணமாகியிருக்கக் கூடாது; குழந்தையைப் பராமரிக்கும் சட்டப் பொறுப்பு இருக்கக் கூடாது. கிரீன் கார்டு போதாது. எச்-4 விசாவில் வளர்ந்த பிள்ளைக்கு எவ்வளவு திறமை இருந்தாலும் இந்த வழி அடைபட்டதுதான்.

கிரீன் கார்டு உள்ள பிள்ளைக்கு 18 வயது ஆவதற்குள் அம்மாவோ அப்பாவோ குடியுரிமை பெற்று, பிள்ளையும் அவருடைய பாதுகாப்பில் அமெரிக்காவில் வசித்தால், பிள்ளை தானாகவே குடிமகனாகிவிடும். ஆனால் அதற்கான சான்று தானாக வீட்டுக்கு வராது. உடனே பிள்ளைக்கு அமெரிக்க பாஸ்போர்ட் எடுத்துவிடுங்கள். பெற்றோரின் குடியுரிமை விண்ணப்பத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த குடும்பங்கள் பிள்ளை பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்ததும் திணறுவது இதனால்தான்.

குடியுரிமை கிடைக்க வழியில்லை என்றால் வர்ஜீனியா ராணுவக் கல்லூரி (விஎம்ஐ), சார்ல்ஸ்டனில் உள்ள சிட்டடெல், வெர்மான்டில் உள்ள நார்விச் ஆகியவற்றைப் பாருங்கள். சீருடையும் அணிவகுப்பும் அங்கும் உண்டு, வெளிநாட்டு மாணவர்களும் படிக்கிறார்கள். நாடாளுமன்றப் பரிந்துரை தேவையில்லை. ராணுவத்தில் சேர்ந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. கட்டணம் கட்ட வேண்டும். விஎம்ஐ, சிட்டடெல் இரண்டும் முதல் பிரிவு என்பதால் விளையாட்டு ஸ்காலர்ஷிப் தர முடியும். நார்விச் மூன்றாம் பிரிவு, அங்கு அது இல்லை. குடியுரிமை இருந்து, பரிந்துரை மட்டும்தான் தடையென்றால் கனெக்டிகட்டில் உள்ள கடலோரக் காவல்படைக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கலாம். அதற்குப் பரிந்துரையே வேண்டாம்.

எந்த விளையாட்டு?

நம் பிள்ளைகள் அதிகம் ஆடும் டென்னிஸ், நீச்சல், கோல்ஃப், தடகளம், குறுக்கு ஓட்டம் எல்லாவற்றுக்கும் இங்கே அணி உண்டு. கிரிக்கெட்டுக்கும் பேட்மிண்டனுக்கும் என்சிஏஏ அணி கிடையாது. பலர் அறியாத இரண்டைச் சொல்ல வேண்டும். ஒன்று துப்பாக்கி சுடுதல்: ஆண்களும் பெண்களும் ஒரே அணியில் போட்டியிடுவார்கள், உடல் அளவு தடையில்லை. மற்றொன்று ஸ்பிரிண்ட் கால்பந்து: 178 பவுண்டு, அதாவது சுமார் 81 கிலோ எடை வரம்புக்குள் இருப்பவர்களுக்கான முழு அளவிலான கால்பந்து. வேகமும் துணிச்சலும் இருந்தும் பெரிய அணிக்கு உடம்பு போதாதவர்களுக்கு இது உண்மையான வாய்ப்பு.

ஒன்பது, பத்தாம் வகுப்பு

நான்கு ஆண்டுக் கணிதத்தை உறுதி செய்யுங்கள். எந்தப் பாடத்தில் பட்டம் வாங்கினாலும் கணிதம், இயற்பியல், வேதியியல், பொறியியல் பாடங்கள் எல்லாக் கேடட்டுக்கும் கட்டாயம். கால்குலஸுக்குத் தயாராகாமல் வரும் வீரர் முதல் பருவத்திலேயே தடுமாறுவார்; மதிப்பெண் சரிந்தால் ஆட்டமும் நிற்கும். என்சிஏஏ தகுதிக்கு 16 அடிப்படைப் பாடங்களும் அவற்றில் குறைந்தது 2.3 ஜிபிஏவும் வேண்டும். அது ஆடுவதற்கான தரை மட்டம். வெஸ்ட் பாயிண்ட் எதிர்பார்ப்பது அதைவிட எவ்வளவோ மேல். எஸ்ஏடி அல்லது ஏசிடி மதிப்பெண்ணும் கேட்பார்கள்.

கோச்சுக்கு எழுதுவது

பல விளையாட்டுகளில், பத்தாம் வகுப்பு முடிந்த கோடையின் ஜூன் 15-ஆம் தேதிக்கு முன் முதல் பிரிவு கோச்சுகள் மாணவரோடு அணியில் சேர்ப்பது பற்றிப் பேசக் கூடாது என்பது என்சிஏஏ விதி. கால்பந்து உள்ளிட்ட சிலவற்றுக்குத் தேதிகள் வேறு. அதற்கு முன் மாணவர் எழுதலாம், ஆனால் பதில் வராது. அந்த மௌனத்தை மறுப்பென்று நினைத்து எழுதுவதையே நிறுத்திவிடாதீர்கள்.

அணியின் இணையதளத்தில் உள்ள படிவத்தை முதலில் நிரப்புங்கள். பிறகு மின்னஞ்சல். பொருள் வரியிலேயே பள்ளி முடிக்கும் ஆண்டு, விளையாட்டு அல்லது நிகழ்ச்சி, சிறந்த நேரம் அல்லது தரவரிசை மூன்றும் இருக்கட்டும். உள்ளே பத்து வரி போதும்: மதிப்பெண், அடுத்து எங்கே எந்தத் தேதியில் போட்டி, காணொளி இணைப்பு, ஏன் ராணுவக் கல்லூரி. தடகளம் என்றால் மின்னணுக் கருவியில் பதிவான நேரத்தைத் தாருங்கள். கைக்கடிகார நேரத்தைக் கோச்சுகள் கணக்கில் எடுப்பது அரிது. டென்னிஸுக்கு யுடிஆர் எண், அதாவது ஆட்டத் திறனைக் காட்டும் தர எண். குழு விளையாட்டுக்கு மூன்று முதல் ஐந்து நிமிடக் காணொளி, ஒவ்வொரு காட்சியிலும் தான் யார் என்று காட்டும் அடையாளத்துடன். பின்னணி இசை வேண்டாம்.

எழுதுவது மாணவராக இருக்கட்டும். அப்பா எழுதிய மின்னஞ்சல் இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிடும். முப்பது பேருக்குக் கட்டளையிடப் போகிறவர் தன் கடிதத்தைத் தானே எழுத வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயம்தானே.

கோச் அழைத்து வளாகத்தைப் பார்க்கப் போனால் பிள்ளை ஒரு கேடட்டின் அறையில் தங்கும். அங்கே கேட்க வேண்டியவை: போன ஆண்டு இந்த அணியிலிருந்து எத்தனை பேர் கல்லூரியை விட்டுப் போனார்கள்? போட்டிப் பருவத்தில் எத்தனை மணிக்குத் தூங்குகிறீர்கள்? காயம்பட்டவர்களை எப்படி நடத்துகிறார்கள்? கோச்சிடம் கேட்பதைவிட இரண்டாம் ஆண்டு மாணவரிடம் கேளுங்கள்.

கோச்சின் ஆதரவு இருந்தால் சிலருக்கு முன்கூட்டியே உறுதிக் கடிதம் வரும். அதைச் சேர்க்கைக் கடிதம் என்று நினைத்து ஊருக்கெல்லாம் சொல்லிவிட வேண்டாம். பரிந்துரையும் மருத்துவத் தகுதியும் கிடைத்தால் இடம் தருகிறோம் என்பதே அதன் பொருள்.

பரிந்துரை: நான்கு கதவையும் தட்டுங்கள்

பதினொன்றாம் வகுப்பின் ஜனவரி வாக்கில் கல்லூரியின் முதல் விண்ணப்பப் படிவம் திறக்கும். அதை முடித்ததும் பரிந்துரை வேலையைத் தொடங்குங்கள். உங்கள் தொகுதியின் பிரதிநிதிகள் சபை உறுப்பினர், மாநிலத்தின் இரு செனட்டர்கள், துணை ஜனாதிபதி என நான்கு பேரிடமும் விண்ணப்பிக்கலாம், நான்கிலும் விண்ணப்பியுங்கள். ஒரு உறுப்பினரின் கணக்கில் ஒரே நேரத்தில் 5 கேடட்டுகள் மட்டுமே ஒரு கல்லூரியில் படிக்க முடியும். சில ஆண்டுகளில் அவருக்குக் காலியிடம் ஒன்றுதான் இருக்கும். பெற்றோர் நீண்டகால ராணுவப் பணியில் இருந்தால் ஜனாதிபதி பரிந்துரைக்கும் தகுதி உண்டு.

ஒவ்வொரு அலுவலகத்துக்கும் தனிப் படிவம், தனிக் கடைசித் தேதி. பெரும்பாலும் பன்னிரண்டாம் வகுப்பின் செப்டம்பர் முதல் நவம்பருக்குள் முடிந்துவிடும். ஆசிரியர்களின் சான்றுக் கடிதங்களை ஜூன் மாதத்திலேயே கேட்டுவிடுங்கள். செப்டம்பரில் அந்த ஆசிரியர் முன் நூறு பிள்ளைகள் நிற்பார்கள்.

"கோச் பார்த்துக்கொள்வார்" என்று சும்மா இருப்பதுதான் இந்தக் கட்டத்தின் பெரிய தவறு. கல்லூரித் தலைவருக்கு, அதாவது சூப்பரின்டென்டென்டுக்கு, சொந்தமாகச் சில பரிந்துரைகள் உண்டு. அவை விளையாட்டு வீரர்களுக்கும் போகின்றன. ஆனால் எண்ணிக்கை குறைவு, எல்லா அணிகளும் அதற்குப் போட்டியிடும். உங்கள் தொகுதியிலிருந்தே பரிந்துரை கொண்டுவரும் வீரரைச் சேர்ப்பது கோச்சுக்கு எளிது.

நேர்முகத்தில் "ஏன் ராணுவம்?" என்ற கேள்வி நிச்சயம் வரும். கோப்பை, அணி, மைதானம் என்று பதில் சொல்பவரைக் குழு விரும்பாது. ஒரு படைப்பிரிவை வழிநடத்த ஏன் விரும்புகிறீர்கள் என்பதைச் சொந்த வார்த்தையில் சொல்லப் பழகுங்கள். மனப்பாடம் செய்த பதில் இரண்டாவது துணைக்கேள்வியில் உடைந்துவிடும்.

சிஎஃப்ஏ உடற்திறன் தேர்வு

முதல் பிரிவு வீரருக்கு இது சாதாரணம் என்று நினைப்பவர்கள்தான் இதில் மோசமாகச் செய்கிறார்கள். ஆறு சோதனைகள், இந்த வரிசையில், 40 நிமிடத்துக்குள்:

1. முழங்காலிட்டுக் கூடைப்பந்து எறிதல்
2. புல்-அப் (பெண்கள் விரும்பினால் மடக்கிய கையோடு கம்பியில் தொங்கலாம்)
3. 40 கெஜம் ஷட்டில் ஓட்டம்
4. க்ரஞ்ச்
5. புஷ்-அப்
6. ஒரு மைல் ஓட்டம்

முழு மதிப்பெண்ணுக்கான அளவுகளில் சில: எறிதல் ஆண்களுக்கு 102 அடி, பெண்களுக்கு 66; புல்-அப் 18, பெண்களுக்கு 7; புஷ்-அப் 75, பெண்களுக்கு 50; மைல் ஓட்டம் 5 நிமிடம் 20 விநாடி, பெண்களுக்கு 6 நிமிடம். எல்லாவற்றிலும் முழு மதிப்பெண் தேவையில்லை. ஆனால் ஏதாவது ஒன்றில் படுமோசமாக இருந்தால் அது கண்ணில் படும். நீச்சல் வீரர்களுக்கு ஓட்டம், தொலைதூர ஓட்டக்காரர்களுக்கு எறிதல், கனத்த கால்பந்து வீரர்களுக்குப் புல்-அப்: பலவீனம் அவரவர் விளையாட்டிலேயே எழுதியிருக்கிறது.

தனித்தனியாகப் பழகிவிட்டு ஆறையும் தொடர்ந்து ஒரு முறைகூடச் செய்யாமல் போவது வழக்கமான பிழை. புஷ்-அப் முடித்த பிறகு ஓடும் மைல், தனியாக ஓடும் மைலைவிட மெதுவாகத்தான் இருக்கும். தேர்வுக்கு முன் ஆறு வாரம், வாரம் ஒரு முறை முழு வரிசையையும் செய்யுங்கள். முழங்காலிட்ட எறிதலில் கால் உதவாது, இடுப்பைத் திருப்பித் தோளுக்கு மேலாக ஒரு கையால் எறிய வேண்டும். இதற்கு மட்டும் தினமும் பத்து எறிதல். புல்-அப்பில் உடலை ஆட்டினால் கணக்கில் வராது. ஷட்டில் ஓட்டத்துக்குத் தரையைப் பற்றும் காலணி போடுங்கள், தூசி படிந்த கூடத்தில் திரும்பும்போது வழுக்கி நேரத்தை இழப்பவர்கள் நிறையப் பேர். உடற்கல்வி ஆசிரியரோ கோச்சோ தேர்வை நடத்தலாம். மதிப்பெண்ணை அவர் உள்ளீடு செய்துவிட்டாரா என்று ஒரு வாரத்தில் கேட்டு உறுதிசெய்யுங்கள்.

மருத்துவம்: வீரர்களுக்கே அதிக ஆபத்து

டாட்மெர்ப் என்ற பாதுகாப்புத் துறை வாரியம் மருத்துவத் தகுதியை முடிவு செய்யும். அவர்கள் ஏற்பாடு செய்யும் உடற்பரிசோதனைக்கும் கண் பரிசோதனைக்கும் கட்டணம் இல்லை. விளையாடிய உடம்பில் அறுவை சிகிச்சை, எலும்பு முறிவு, தலைக்காயம் இருக்க வாய்ப்பு அதிகம் என்பதால் வீரர்களின் கோப்புகளில் கேள்வி அதிகம் எழும். 13 வயதுக்குப் பிறகு ஆஸ்துமா, நிலக்கடலை போன்றவற்றுக்குக் கடுமையான ஒவ்வாமை, முழங்கால் தசைநார் அறுவை, கவனக்குறைவுக் கோளாறுக்கு மாத்திரை ஆகியவை அடிக்கடி வருபவை.

சளிக்கும் இருமலுக்கும் குடும்ப மருத்துவர் எழுதித் தந்த இன்ஹேலர் பதினான்காம் வயதில் "ஆஸ்துமா" என்று கோப்பில் பதிந்திருக்கும்; வீட்டில் யாருக்கும் நினைவே இருக்காது. பத்தாம் வகுப்பிலேயே பிள்ளையின் முழு மருத்துவப் பதிவையும் வாங்கிப் படித்துப் பாருங்கள். அறுவை சிகிச்சை நடந்திருந்தால் அறுவை அறிக்கை, எம்ஆர்ஐ அறிக்கை, இயன்முறைச் சிகிச்சை முடிந்த சான்று, "தடையின்றி ஆடலாம்" என்று மருத்துவர் தந்த கடிதம் நான்கையும் ஒரே கோப்பில் வையுங்கள்.

தகுதியில்லை என்று கடிதம் வந்தால் அது முடிவு என்று எண்ண வேண்டாம். விலக்கு தரக் கல்லூரியால் முடியும். அதை மாணவர் விண்ணப்பிப்பதில்லை, கல்லூரி உங்களை விரும்பினால் அதுவே தொடங்கும். கோச்சின் ஆதரவு உண்மையில் கைகொடுக்கும் இடம் இதுதான். கேட்கும் கூடுதல் ஆவணங்களைச் சில நாட்களில் அனுப்பிவிடுங்கள். எதையும் மறைக்காதீர்கள், பின்னால் தெரிந்தால் மருத்துவக் குறையைவிடப் பொய்தான் பெரிய குற்றமாகும்.

ஒரு ஆண்டு தள்ளிப்போனால்

படிப்பில் கொஞ்சம் பின்தங்கிய வீரர்களைக் கல்லூரி தன் ஆயத்தப் பள்ளிக்கு அனுப்புவதுண்டு. வெஸ்ட் பாயிண்டிலேயே இருக்கும் அந்தப் பள்ளியில் சுமார் பத்து மாதம் கணிதம், ஆங்கிலம், ராணுவ ஒழுங்கு, போட்டிகள். இதற்குத் தனி விண்ணப்பம் கிடையாது. கல்லூரியே முடிவு செய்யும். நம் வீடுகளில் இதை ஓராண்டு வீண் என்று பார்க்கிறார்கள். கால்குலஸில் திணறி முதல் ஆண்டிலேயே வெளியேறுவதோடு ஒப்பிட்டால் இது நல்ல பேரம்.

ஆர்-டே முதல்

ஜூன் இறுதி அல்லது ஜூலை தொடக்கத்தில் ஆர்-டே என்ற வரவேற்பு நாள். அன்று மாலையே சீருடையில் அணிவகுத்து உறுதிமொழி எடுப்பார்கள். பிறகு சுமார் ஆறு வாரம் "பீஸ்ட்" என்று எல்லாரும் அழைக்கும் அடிப்படைப் பயிற்சி. தூக்கம் குறையும், எடைப் பயிற்சிக்கூடம் கிடைக்காது, வீரர்களின் உடல் எடையும் வலிமையும் இறங்கும். கோச்சுகளுக்கு இது தெரியும், பதற வேண்டாம். தவிர்க்கக்கூடியது கால் கோளாறு: கீழ்க்கால் எலும்பு வலியும் கொப்புளங்களும். பூட்ஸ், முதுகுச் சுமை, கான்கிரீட் மூன்றும் ஒரே வாரத்தில் சேருவதே காரணம். மே மாதத்திலிருந்தே பூட்ஸைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு நடந்து பழகினால் பாதிச் சிக்கல் தீரும். சுமையை அதிகமாக ஏற்றிப் பழகுவது வேண்டாம்; அதுவே காயமாகும்.

முதலாண்டு மாணவரை "ப்ளீப்" என்பார்கள். காலை ஏழுக்கு முன்பே அணிவகுப்பு, பிற்பகல் வரை வகுப்பு, அதன்பின் அணிப் பயிற்சி, இரவு படிப்பு. கல்லூரி அணிகளுக்கு இங்கே "கோர் ஸ்க்வாட்" என்று பெயர். அணியில் இல்லாதவர்களும் கம்பெனி எனப்படும் கேடட் பிரிவுகளுக்கு இடையிலான போட்டிகளில் ஆட வேண்டும். முதல் உலகப் போருக்குப் பின் 1919 முதல் 1922 வரை கல்லூரியை நடத்திய மெக்ஆர்தர் வேரூன்றச் செய்த கொள்கை அது. இவற்றோடு குத்துச்சண்டை, நீச்சல், தடைகளைத் தாண்டும் உள்ளரங்கத் தேர்வு ஆகியவையும் எல்லாருக்கும் கட்டாயம். தடைத் தேர்வில் தேற ஆண்களுக்கு 3 நிமிடம் 30 விநாடி, பெண்களுக்கு 5 நிமிடம் 29 விநாடி. கயிறு ஏறத் தெரியாத பெரிய உடம்புக்காரர்கள் ஆண்டின் தொடக்கத்திலேயே பழக வேண்டும்.

வெளியூர் ஆட்டத்துக்குப் போவதற்கு முன் தவறும் வகுப்புகளை ஆசிரியரிடம் சொல்லி, தனி வகுப்புக்கு நேரம் வாங்கிவிடுங்கள். கேட்டால் தனியாக உட்கார்ந்து சொல்லித் தருவது இங்கே ஆசிரியரின் வேலையில் சேர்ந்தது. ஒவ்வொரு அணிக்கும் ஆசிரியப் பணியில் உள்ள ராணுவ அதிகாரிகள் சிலர் வழிகாட்டிகளாக இருப்பார்கள். பிரச்சினை வந்த பிறகு தேடாமல் முதல் மாதமே அறிமுகம் செய்துகொள்ளுங்கள்.

பாடம் தவறியவர் நண்பரிடம் "தேர்வில் என்ன வந்தது?" என்று கேட்பது மற்ற இடங்களில் சின்ன விஷயம். இங்கே பொய், ஏமாற்று, திருட்டு மூன்றும் குற்றம், செய்பவரைச் சகித்துக்கொள்வதும் குற்றம். 1951-இல் இப்படித் தேர்வு விவரங்களைக் கைமாற்றியதற்காகச் சுமார் 90 கேடட்டுகள் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களில் பலர் கால்பந்து வீரர்கள். நெருக்கடி நிறைந்த வாரத்தில்தான் இந்தத் தவறு நடக்கிறது. ஆகவே தேர்வு முடிந்த அறையைப் பற்றி அணி அறையில் பேசாதீர்கள்.

மூன்றாம் ஆண்டின் கையெழுத்து, கடைசி ஆண்டின் எடை

முதல் இரண்டு ஆண்டுக்குள் விலகினால் பொதுவாகப் பணிக் கடமை இல்லை. மூன்றாம் ஆண்டின் தொடக்கத்தில் உறுதிமொழியில் கையெழுத்திட்ட பிறகு விலகினால் பணி செய்யவோ பணம் திருப்பிக் கட்டவோ நேரலாம். முந்தைய கோடையிலேயே பெற்றோரும் பிள்ளையும் வெளிப்படையாகப் பேசி முடிவெடுங்கள். வேறு கல்லூரிக்கு மாற விரும்பும் வீரருக்கும் அதுதான் சரியான நேரம்.

தொழில்முறை ஆட்டம் பற்றிய கனவு இருந்தால் அந்த ஆண்டின் விதியை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பட்டம் பெற்றவுடன் ஆடப் போக 2019-இல் வழி திறந்தார்கள். 2022 டிசம்பரில் வந்த சட்டம் அதை மூடியது, ஏற்கெனவே படித்துக்கொண்டிருந்தவர்கள் சிலருக்கு மட்டும் விலக்களித்தது. கடற்படைக் கல்லூரியின் ரோஜர் ஸ்டாபாக் பணி முடித்து 1969-இல்தான் டல்லஸ் கவ்பாய்ஸ் அணிக்கு ஆடப் போனார்.

கால்பந்தின் முன்வரிசை வீரர்களுக்கு இன்னொரு வேலை காத்திருக்கும். அதிகாரியாகப் பதவியேற்க ராணுவத்தின் உடல் அளவு விதிக்குள் வர வேண்டும். டிசம்பரில் கடற்படையோடு கடைசி ஆட்டம் முடிந்ததுமே உணவியல் ஆலோசகரைப் பார்த்து, மே மாதப் பட்டமளிப்பு வரையுள்ள ஐந்து மாதத்துக்கும் எடை குறைக்கத் திட்டம் போடுவது வழக்கம். பட்டினி கிடந்து கடைசி ஆறு வாரத்தில் குறைப்பவர்கள் இரண்டு மைல் ஓட்டத்தில் தோற்கிறார்கள். வாரத்துக்கு ஒன்றரை முதல் இரண்டு பவுண்டு என்ற வேகம் உடம்புக்கும் தேர்வுக்கும் ஒத்துவரும்.